பராக்கா, பைபோலரா? "எப்ப தொடக்கம்" என்று கேட்டுப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு யன்னலால் காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பராக்கு என்று பெயர். இருந்த இடத்தில் இராமல் மதிலில் ஏறி விழுந்தெழும்பினால் குழப்படி. அதே பிள்ளை வளர்ந்து இருபது, இருபத்திரண்டு வயதில் இரவிரவாக நித்திரை கொள்ளாமல், வாய் ஓயாமல் கதைத்து, கையில் இருக்கிற காசையெல்லாம் அள்ளி வீசத் தொடங்கினால் "விசர் பிடிச்சிட்டுது" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். இந்தச் சொற்களுக்குப் பின்னால் ஏ.டி.எச்.டி., பைபோலர் என்ற இரண்டு வேறு வேறு வருத்தங்கள் இருக்கலாம். ஒன்று மற்றதைப் போல வேடம் போட்டுக்கொண்டு வரும். ஒன்றுக்குக் கொடுக்கிற குளிசை மற்றதைக் கிளப்பியும் விடலாம்.

நான் வைத்தியர் இல்லை. உளநல கிளினிக்கில் வைத்தியர் பார்க்க முதல் குடும்பத்தோடு இருந்து பழைய கதைகளைக் கேட்டு எழுதுகிறவன். அதனால் மருந்துச்சீட்டு எழுதுகிற அளவுக்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை, கதை கேட்கிற அளவுக்குத்தான் சொல்லுவேன். ஆனால் இந்த இரண்டையும் பிரித்தறிவதில் பாதி வேலை கதை கேட்பதுதான். இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ எடுத்து "இது ஏ.டி.எச்.டி., இது பைபோலர்" என்று சொல்ல இன்றைக்கும் வழியில்லை.

முதலில் பெயர்கள். கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் கோளாறு என்பது நீட்டு முழக்கமான பெயர், அதனால் எல்லோரும் ஏ.டி.எச்.டி. என்றே சொல்கிறார்கள், சிலர் பழைய வழக்கப்படி ஏ.டி.டி. என்பார்கள். மற்றது இருமுனை மனநிலைக் கோளாறு, அதாவது பைபோலர். மனம் ஒரு காலத்தில் அளவு மீறி மேலே எழும்பும், இன்னொரு காலத்தில் அதலபாதாளத்துக்கு இறங்கும். மேலே எழும்புகிற கட்டத்தை மேனியா என்பார்கள். அதன் மெல்லிய வடிவம் ஹைப்போமேனியா. இந்த ஏ.டி.டி., பைபோலர் என்ற இரண்டு பெயருமே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநோய்களை வகைப்படுத்தி வெளியிடுகிற டி.எஸ்.எம். கையேட்டில் ஒரே பதிப்பில்தான், 1980-இல், ஏறின. ஏ.டி.டி. 1987-இல் ஏ.டி.எச்.டி. ஆனது.

சரி, ஏன் குழப்பம் வருகிறது? மேனியாவின் அறிகுறிகளை எழுதிப் பாருங்கள்: கவனம் சிதறுதல், அதிகம் கதைத்தல், ஓரிடத்தில் இருக்க முடியாமை, யோசியாமல் செய்துவிடுதல். இப்போது ஏ.டி.எச்.டி.யின் அறிகுறிகளை எழுதுங்கள். அதே நான்கும் வரும். கிளினிக் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு, கேட்ட கேள்விக்குப் பாதியில் பதிலை விட்டுவிட்டு மின்விசிறியைப் பற்றிக் கதைக்கிற ஒரு பெடியனை அன்றைக்கு மட்டும் பார்த்து, இது எது என்று சொல்ல முடியாது. அன்றைய நாள் என்பது ஒரு படம், எங்களுக்குத் தேவை முழுப் படக்கொப்பி.

எனக்குப் பிடித்த விளக்கம் கிணறு. எங்கள் குடாநாட்டில் எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தானே. சில கிணறு சவர். தீவுப் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம். சவர்க் கிணறு மாரியிலும் சவர், கோடையிலும் சவர், கொஞ்சம் கூடும் குறையும், அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரருக்கு அது பழகிப் போயிருக்கும், தேத்தண்ணி குடிக்கிற விருந்தாளிதான் முகத்தைச் சுளிப்பார். ஏ.டி.எச்.டி. அப்படி. பைபோலர் மாரி வெள்ளம். நல்ல தண்ணீர்க் கிணறுதான், ஐப்பசி கார்த்திகையில் மழை அடித்து வெள்ளம் ஏறி எல்லாம் கலங்கிப்போகும், பிறகு வடியும், தெளியும், கோடையில் வற்றியும் போகும். இரண்டு வாளியிலும் அன்றைக்குக் குடிக்க முடியாத தண்ணீர்தான் இருக்கும், ஆனால் கிணற்றுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எப்ப தொடக்கம் இப்படி?

இதைக் கையேட்டுக் கணக்கில் சொன்னால் இப்படி வரும். ஏ.டி.எச்.டி. என்று சொல்ல 12 வயதுக்கு முன்னரே பல அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், வீடு, பள்ளிக்கூடம் என்று குறைந்தது இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். பைபோலரில் மேனியா என்றால் குறைந்தது 7 நாள், ஆஸ்பத்திரியில் விட வேண்டிய அளவுக்குப் போனால் நாள் கணக்குத் தேவையில்லை. ஹைப்போமேனியா என்றால் 4 நாள். கீழே இறங்குகிற மனச்சோர்வு என்றால் 2 கிழமை. பெரும்பாலும் பைபோலர் பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளிலோதான் முதன்முதல் தலைகாட்டும்.

எங்கள் ஊர்க்காரருக்கு வயதைக் கேட்டால் ஞாபகம் வராது, பரீட்சையைக் கேட்டால் வரும். அதனால் நான் இப்படிக் கேட்பேன்: புலமைப்பரிசிலுக்கு முன்னமே இப்படியா, இல்லை உயர்தரம் எடுக்கிற நேரம்தான் தொடங்கியதா? ஐந்தாம் வகுப்பு ரீச்சர் என்ன சொன்னவ? அம்மாமார் உடனே சொல்லிவிடுவார்கள். "அவன் நேசரியிலையே அப்பிடித்தான் தம்பி, தண்ணிப் போத்தலைத் துலைக்காத நாளே இல்லை" என்று ஓர் அம்மா சொன்னால் மனம் ஒரு பக்கம் சாயும். "இல்லைத் தம்பி, ஓ.எல்.லுக்கு ஒன்பது ஏ எடுத்த பிள்ளை, போன சித்திரைக்குப் பிறகுதான் ஆளே மாறிப் போனான்" என்றால் மறுபக்கம் சாயும். சாயும் என்று மட்டும்தான் சொல்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளை, அதுவும் பெண் பிள்ளை, குழப்படி செய்யாமல் பின்வாங்கில் இருந்து பராக்குப் பார்த்துக்கொண்டே மூளைப் பலத்தில் ஓ.எல். வரை கரையேறிவிடும், உயர்தரப் பாடச்சுமை வந்தவுடன்தான் சறுக்கும். அப்போது எல்லோரும் "புதுசாய் வந்தது" என்பார்கள். பழைய ரிப்போட்டைத் தேடி எடுத்தால் ஒவ்வொரு தவணையிலும் "திறமை உண்டு, கவனம் போதாது" என்று ரீச்சர் எழுதி வைத்திருப்பார்.

இனி ஒரு கதை. ஆளை அடையாளம் தெரியாதபடி இரண்டு மூன்று பேரின் கதையைக் கலந்துதான் சொல்கிறேன். ஒரு பெடியன், வயது இருபத்துமூன்று. சின்னக் கடை ஒன்றில் வேலை. மாசி மாதத்தில் ஒரு நாள் திடீரென்று கனடாவில் இருக்கிற சித்தப்பாவுக்கு இரவு இரண்டு மணிக்குப் போன் எடுத்திருக்கிறான், தான் யாழ்ப்பாணம் முழுவதற்கும் ஒடியல் மா ஏற்றுமதி செய்கிற கொம்பனி தொடங்கப் போவதாக. அங்கே அப்போது பின்னேரம்தானே, சித்தப்பா ஒன்றும் வித்தியாசமாக நினைக்கவில்லை, பெடியன் முன்னேறுகிறான் என்று சந்தோஷப்பட்டுக் கொஞ்சக் காசும் அனுப்பிவிட்டார். அடுத்த கிழமைக்குள் தாயின் சங்கிலி அடைவுக்குப் போய்விட்டது, மூன்று மோட்டார் சைக்கிளுக்கு முற்பணம் கட்டியாயிற்று, விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி முற்றம் முழுக்கக் கூட்டிக் கிணறும் இறைத்து, விடிய ஆறு மணிக்கு அயலட்டை வீடுகளில் போய்த் தன் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். யாரோ சொல்லி, கைபேசியில் ஏதோ கேள்விப் பட்டியலை நிரப்பிப் பார்த்து, "எனக்கு ஏ.டி.எச்.டி.யாம், அதுதான் இவ்வளவு வேகம்" என்று அவனே தீர்மானித்திருந்தான். கேள்விப் பட்டியல் பொய் சொல்லவில்லை. அந்த வாரத்தில் அவனுக்கு அந்த அறிகுறி எல்லாம் இருந்ததுதான். எப்ப தொடக்கம் என்று அந்தப் பட்டியலை நிரப்பும்போது அவன் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒடியல் மா இல்லை, மூன்று மணி. நித்திரையைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என் அனுபவத்தில் மிகக் கூடுதலாக உதவுகிற கேள்வி அது. ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கும் நித்திரை பிரச்சினைதான். படுத்தால் மனம் அடங்காது, போனை நோண்டுவார், ஒரு மணி இரண்டு மணி ஆகும். ஆனால் விடிய எழுப்பப் பாருங்கள், தண்ணி தெளித்தாலும் எழும்பமாட்டார், பகல் முழுக்கக் கொட்டாவி. அவருக்கு நித்திரை தேவை, வருவதில்லை. மேனியாவில் இருப்பவருக்கோ நித்திரையே தேவைப்படுவதில்லை. இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு எட்டு மணி நேரம் கொண்டவரைப் போலத் துள்ளிக்கொண்டு எழும்புவார், அப்படியே நாலு நாள், ஐந்து நாள், களைப்பு என்ற சொல்லே இராது. ஆகவே "நித்திரை கொள்ளுறவரோ?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். "நித்திரை கொள்ளாட்டில் அடுத்த நாள் எப்படி இருக்கிறார்?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, தன்னைப் பற்றிய நினைப்பு. ஏ.டி.எச்.டி.காரர் அநேகமாகத் தன்னைக் குறைத்தே நினைப்பார், சின்ன வயதிலிருந்து "உனக்கு ஒண்டும் ஏலாது" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் வேறு எப்படி நினைப்பார்? மேனியாவில் தனக்கு நிகர் யாருமில்லை என்ற எண்ணம் வரும். இதில் எங்கள் ஊரில் ஒரு சிக்கல், அது பக்தி. நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் விடியப்புறம் முழுகி வெறுங்காலோடு நடக்கிறவர்களும் பிரதட்டை பண்ணுகிறவர்களும் ஊர் முழுக்க இருக்கிறார்கள், உருவந்து ஆடுகிறவர்களும் உண்டு, அதை எல்லாம் வருத்தம் என்று எழுதுகிற ஆள் முதலில் தன் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். ஆனால் கொடியிறங்கி, கச்சான் கடைக்காரர் எல்லாம் கட்டிக்கொண்டு போன பிறகும் ஒருவர் அப்படியே நிற்கிறார், முருகன் தனக்குத் தனியாகக் கட்டளை தந்ததாகச் சொல்கிறார், கோயிலுக்கு வந்த மற்றவர்களே "இவர் வழமையாக இப்படி இல்லை" என்று ஒதுங்குகிறார்கள் என்றால் கவனிக்க வேண்டும். அளவுகோல் அந்த ஊர், அந்த வீடு, அவருடைய வழமை.

கோபமும் அழுகையும் இரண்டிலும் உண்டு. ஏ.டி.எச்.டி.யில் அது கற்பூரம். ஏதோ ஒரு காரணம் தட்டும், பற்றும், ஒரு மணித்தியாலத்தில் அணைந்து, தானே வந்து "சாப்பிட என்ன இருக்கு" என்று கேட்பார். பைபோலரில் மனநிலை நாள் கணக்கில், கிழமை கணக்கில் நிற்கும், தட்டிய காரணத்துக்கும் அதற்கும் பொருத்தமே இராது. காலையில் சிரிப்பு, மத்தியானம் கோபம், பின்னேரம் அழுகை என்று ஒரே நாளில் மாறுவதைப் பார்த்துவிட்டு "பைபோலர்" என்று சொல்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அந்த ஒரு நாளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

கதையிலும் வித்தியாசம் இருக்கிறது. ஏ.டி.எச்.டி.காரர் உங்களை இடைமறிப்பார், ஆனால் நீங்களும் அவரை இடைமறிக்கலாம், "பொறும் தம்பி" என்றால் நிற்பார், பிறகு தான் எங்கே விட்டார் என்பதை மறந்துபோவார். மேனியாவில் உள்ளே புகவே இடம் கிடைக்காது.

அப்புறம் அடிக்கடி வருகிற முறைப்பாடு ஒன்று: "கேம் விளையாட மட்டும் மூண்டு மணித்தியாலம் அசையாமல் இருக்கிறான், இவனுக்கு என்ன கவனக்குறைவு?" கவனம் இல்லாமை இல்லை அது, கவனத்தைத் திருப்புகிற சுக்கான் தளர்ந்திருக்கிறது. பிடித்ததில் ஒட்டிக்கொள்ளும், பிடிக்காததில் நிற்காது. ஆகவே கேம் விளையாடுவதால் ஏ.டி.எச்.டி. இல்லை என்று ஆகாது, பைபோலர் என்றும் ஆகாது.

இனி எங்கள் ஊருக்கே உரிய தலையிடி. 12 வயதுக்கு முன் எப்படி இருந்தார் என்று கேட்க வேண்டும் என்றேன். இப்போது நாற்பதை நெருங்குகிற ஒருவர் வந்தால், அவருடைய எட்டு ஒன்பது வயது என்பது 1995. அந்த ஐப்பசியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. ரிப்போட் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, படித்த ரீச்சர் இப்போது எந்த நாட்டில்? அதைவிடப் பெரிய கேள்வி, ஷெல் விழுகிற நேரத்தில் எந்தப் பிள்ளைக்குப் பாடத்தில் மனம் நின்றது? சத்தத்துக்குத் திடுக்கிடுவதும், ஓரிடத்தில் இருக்க முடியாததும், படிப்பில் கவனம் நில்லாததும் போரின் அதிர்ச்சியாலும் வரும். 2009-ஐ வன்னியில் சின்ன வயதில் கடந்து வந்தவர்களுக்கும் இதே சிக்கல்தான். நான் கண்ட ஒரு வழி, கூடப் பிறந்தவர்களைக் கேட்பது. அதே பங்கருக்குள் இருந்த அக்காவும் தம்பியும் எப்படி இருந்தார்கள்? "நாங்கள் எல்லாரும் பயந்து போய்த்தான் இருந்தனாங்கள், இவன் ஷெல்லடி தொடங்க முந்தியே செருப்பை ஒவ்வொரு காலா விட்டிட்டு வாற ஆள்" என்று ஓர் அக்கா சொன்னது எந்த ரிப்போட்டையும் விடப் பெறுமதியாக இருந்தது.

வேறு சிலவும் இந்த இரண்டு வேடத்தையும் போடும். தைரொயிட் கூடச் சுரந்தால் படபடப்பும் நித்திரையின்மையும் வரும். ஐஸ் போன்ற போதைப்பொருள் எடுத்தவர் மேனியா மாதிரியே நிற்பார். மனச்சோர்வு மட்டும் உள்ளவருக்கும் கவனம் நில்லாது, பைபோலரும் பல பேருக்கு மனச்சோர்வாகவே தொடங்குவதால் இந்த இடத்தில் வைத்தியர்களே பொறுத்துத்தான் பெயர் வைப்பார்கள். ஒரே நாளில் பெயர் சொல்லவில்லை என்று கோபிக்காதீர்கள்.

இரண்டும் ஒருவரிலேயே இருக்காதா என்று கேட்டால், இருக்கும். சவர்க் கிணற்றுக்கும் மாரி வரும்தானே. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கின்படி பைபோலர் உள்ள வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. மறுபக்கமாக, ஏ.டி.எச்.டி. உள்ள வளர்ந்தவர்களில் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒருவருக்குப் பைபோலர். அப்படிப்பட்டவரிடம் வெள்ளம் வடிந்த பிறகும் சவர் மிஞ்சும், அதாவது மேனியாவும் சோர்வும் இல்லாத நல்ல மாதங்களிலும் திறப்பைத் தொலைப்பதும் வேலையைப் பாதியில் விடுவதும் தொடரும். அதனால் நல்ல மாதத்தில் ஆள் எப்படி என்று கேட்காமல் கதை முடியாது.

மருந்தில்தான் இந்தப் பிரிப்பு உயிர்ப் பிரச்சினை ஆகிறது. ஏ.டி.எச்.டி.க்கு வழமையாகக் கொடுக்கிற மெதைல்பெனிடேற் ஓர் ஊக்கி. பைபோலருக்கு லித்தியம், வல்புரோவேற் போன்ற மனநிலையை நிலைப்படுத்தும் மருந்துகள். 2017-இல் வெளிவந்த ஒரு சுவீடன் ஆய்வு, பைபோலர் உள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தது. நிலைப்படுத்தும் மருந்து இல்லாமல் மெதைல்பெனிடேற் மட்டும் எடுத்தவர்களுக்கு அடுத்த மூன்று மாதத்துக்குள் மேனியா வருகிற ஆபத்து நன்றாகக் கூடியது, நிலைப்படுத்தும் மருந்தோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. அதனால்தான் இரண்டும் இருந்தால் முதலில் மனநிலையை நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு கவனத்தைப் பார்க்கிறார்கள். மனச்சோர்வுக் குளிசையை மட்டும் தனியே கொடுத்தாலும் பைபோலர் உள்ள சிலர் மேலே கிளம்பிவிடுவார்கள். அயல்வீட்டுப் பிள்ளைக்குச் சுகம் தந்த குளிசையை வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள், தயவுசெய்து.

லித்தியம் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். மேனியாவுக்கு அது உதவும் என்று 1949-இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் எழுதியதிலிருந்து இன்று வரை அது முன்வரிசை மருந்துதான், ஆனால் இரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் கூடினாலே நஞ்சாகும், அதனால்தான் கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். உடம்பில் தண்ணீர் வற்றினால் அளவு ஏறும். சித்திரை வைகாசி வெயிலில் தோட்டத்தில் நிற்கிறவர்கள், வயிற்றோட்டம் வந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும் என்று விரதம் பிடிக்கிற வழக்கம் எங்களிடம் இருக்கிறது, லித்தியம் போடுகிறவர் அந்த விரதத்துக்கு முன்னர் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கை வழமையைவிடக் கூடுதலாக நடுங்கினால், நடை தள்ளாடினால், சத்தி எடுத்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வல்புரோவேற் என்றால், பிள்ளை பெறுகிற வயதுப் பெண்கள் வைத்தியரிடம் அதைக் கேட்டே ஆக வேண்டும், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

அமெரிக்காவில் 1990-களின் நடுப்பகுதிக்கும் 2000-களின் தொடக்கத்துக்கும் இடையில் பைபோலர் என்று வைத்தியரிடம் போன பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 40 மடங்கு கூடியது. எரிச்சல் கூடிய பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டியதும் ஒரு காரணம் என்று பிறகு பலரும் ஒத்துக்கொண்டார்கள், 2013-இல் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று வேறு பெயரையே கையேட்டில் சேர்த்தார்கள். எங்கள் பக்கத்துப் பிழை அதற்கு எதிர்த்திசை. குழப்படிக்குப் பூவரசங்கம்பு, விசருக்குச் சாத்திரியாரும் நூலும், கடைசியில்தான் கிளினிக். நூல் கட்டுவதைப் பற்றி நான் சண்டை பிடிக்கமாட்டேன், கட்டிக்கொண்டே கிளினிக்குக்கும் வரலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, அரச ஆஸ்பத்திரி, காசு இல்லை. சாகப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அல்லது எழுதி வைத்தால், கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

வரும்போது கையில் ஒரு சி.ஆர். கொப்பி கொண்டுவந்தால் நான் உங்களுக்குத் தேத்தண்ணி வாங்கித் தருவேன். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழும்பினார், எழும்பும்போது களைப்பா சுறுசுறுப்பா, காசு ஏதும் வழமைக்கு மாறாகப் போனதா. ஒரு மாதம் போதும், மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. அந்த ஒடியல் மாப் பெடியனின் அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவ, ஆனால் மூத்த மகளைக் கொண்டு மாசி மாதத்தில் இருந்து எழுதிக்கொண்டு வந்திருந்தா. ஏழு, எட்டு, ஏழு என்று போய்க்கொண்டிருந்த நித்திரைக் கணக்கு ஒரு பக்கத்தில் மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று என்று விழுந்திருந்தது, அதற்கு நேரே "சங்கிலி" என்று ஒரே ஒரு சொல். வைத்தியர் அந்தப் பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பெடியனைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இதுக்கு முந்தி எப்பவாவது இப்படி நித்திரை தேவைப்படாமல் இருந்திருக்கோ?"

பெடியன் வாய் திறக்க முதல் அம்மா சொன்னா, "ஏ.எல். எடுத்து முடிச்ச கையோடை ஒருக்கா, பத்து நாள் மட்டிலை. நாங்கள் சோதினை முடிஞ்ச சந்தோஷம் எண்டு நினைச்சம்."